பரீட்சைக்குச் செய்த பல்

ரோஸ்லினுக்கு சீட் கிடைத்த செய்தி வீட்டுக்குள் வந்தபோது யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. இரண்டு வருஷம் நீட் எழுதி, இரண்டாம் தரமும் எம்.பி.பி.எஸ். எட்டாமல் போய், கடைசியில் பல் டாக்டர் படிப்பு. அதுவும் எங்கே? திண்டிவனம் தாண்டி பைபாஸ் ஓரம் பொட்டல் வெளியில் நிற்கிற பூங்காவனத்தம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில். பூங்காவனத்தம்மாள் யார் என்றால், காலேஜ் முதலாளியைப் பெற்ற தாய். அந்த அம்மாளுக்குக் கடைசிக் காலத்தில் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது என்று திண்டிவனத்தில் பேசிக்கொள்வார்கள். நமக்கெதற்கு அந்த வம்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சர்ட்டிபிகேட்டோடு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் சீட் போயிற்று. அடுத்த சுற்றில் வேறு நல்ல காலேஜ் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். செய்தி வந்தது திங்கட்கிழமை. ஆக, கையில் இருந்தது நாலு நாள்.

சும்மா இருப்பார்களா நம் ஜனங்கள்? கோலியனூரிலிருந்து தாய்மாமன் போன் போட்டு, "கெடச்சத உட்டுடாதீங்க, அப்பறம் கெடைக்காது" என்றார். எதிர் வீட்டு டீச்சர், "பல் டாக்டருங்க தெருவுக்கு நாலு பேரு ஈ ஓட்டிக்கினு இருக்காங்க" என்று நெருப்பை வைத்துவிட்டுப் போனார். ரோஸ்லின் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாசமாகவே அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காத ஏக்கம் என்று அம்மா அற்புதமேரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லுப்பா" என்று அப்பா ஆரோக்கியராஜிடம் வந்து நின்றாள் ரோஸ்லின். "நீ பல்லு வேலையிலயே இருக்கற ஆளு. அந்தக் காலேஜி நல்ல காலேஜா? எனக்குத் தோதுப்படுமா? நீ சேருன்னா சேர்றேன், வேணாம்னா உட்டுடறேன்."

கேட்டது நியாயம்தான். ஆரோக்கியராஜுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பல்லில்தான் பிழைப்பு. டாக்டர் இல்லை; டாக்டர்கள் அனுப்புகிற அளவை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கிற டெக்னீஷியன். மகளுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "புதங்கெழம நேர்ல போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்மா" என்றார்.

நேரில் போய்ப் பார்க்க அவருக்கு என்ன இருக்கிறது? அந்தக் காலேஜைப் பற்றி முதலாளிக்கே தெரியாத ஒரு சங்கதி ஆரோக்கியராஜுக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் வாயில்லை.

அவருடைய லேப் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மெடிக்கல் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. லேப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ரூம், ஒரு மேஜை, பல்லைத் தேய்க்கிற மோட்டார், மெழுகு உருக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு, அலமாரி நிறைய ஊரார் வாயின் பிளாஸ்டர் மாவு அச்சுகள், அவ்வளவுதான். டாக்டர் நோயாளியின் வாயில் அளவு எடுத்து அனுப்புவார். அதில் மாவு ஊற்றி அச்செடுத்து, அச்சின் மேல் மெழுகு வைத்து, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் செட்டாக்கித் தருவது ஆரோக்கியராஜ் வேலை. இது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு எங்கே வந்தது என்றால், படிக்கிற பிள்ளைகளிடம் வந்தது. படிக்கிறவர்கள் வெளியே கொடுத்துச் செய்யக் கூடாது. ஒவ்வொருவரும் இத்தனை நோயாளிக்கு இத்தனை செட் என்று தங்கள் கையாலேயே பல் அடுக்கிக் காட்டினால்தான் கடைசி வருஷப் பரீட்சைக்கு விடுவார்கள். அதற்குப் பெயர் கோட்டா. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பூங்காவனத்தம்மாள் காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி, ஒரு கேரி பேக்கில் மாவு அச்சைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். பரீட்சைக்கு ஒரே வாரம் இருக்கிறது, ஒரு பல்கூட அடுக்கத் தெரியவில்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை என்று மேஜை ஓரம் நின்று அழுதாள். ஆரோக்கியராஜுக்கு மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்துவிட்டார். பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் செய்தார். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

அந்தப் பெண் சும்மா இருந்தாளா? தோழிகளிடம் சொன்னாள். தோழிகள் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். அப்புறம் வருஷா வருஷம் பரீட்சை நெருங்கினால் மாடிப்படியில் கேரி பேக்குகள் ஏறி வரும். டாக்டர்கள் கொடுக்கிற வேலையைவிட இந்த வேலை சுலபம். ஏனென்றால் யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள், குறை சொல்லமாட்டார்கள்.

ஒரே ஒரு குறைதான் ஒருத்தி சொன்னாள். கலைப்பிரியா என்று பெயர், துறுதுறுவென்று இருப்பாள். அவர் அடுக்கி வைத்ததைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ரொம்ப அழகா இருக்கு. சார் பாத்தா ஒடனே கண்டுபுடிச்சிடுவாரு. கொஞ்சம் கோணலா வெச்சிக் குடுங்கண்ணா, பசங்க செஞ்ச மாதிரி" என்றாள்.

ஆரோக்கியராஜ் சிரித்துவிட்டார். கொஞ்சம் மெழுகைச் சுட்டு, இடது முன் பல்லை லேசாகத் திருப்பி வைத்து, கடைவாய்ப் பக்கம் ஒரு பல்லைக் கொஞ்சம் உயர்த்தி விட்டார். கலைப்பிரியா கை தட்டினாள். அவருக்கும் பெருமைதான், பொய் எதற்கு. நன்றாகச் செய்யத் தெரிந்தவனுக்குத்தானே சரியான அளவில் கெடுக்கவும் தெரியும் என்று அன்றைக்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். அதற்கப்புறம் காலேஜ் செட் எல்லாமே அப்படித்தான் போயிற்று. மாசம் ஒருதரம் கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற மனுஷன், கோபப்பட்டதைச் சொல்லுவார், குடித்ததைச் சொல்லுவார். இதைச் சொன்னதில்லை. மறைத்தார் என்று இல்லை. பரீட்சைக்குச் செய்கிற பல் பரீட்சையோடு முடிந்துவிடும் என்றே நினைத்திருந்தார். அது அப்புறம் எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

புதன்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சென்னை பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் காலேஜுக்குப் போனார்கள். வழி முழுக்க ரோஸ்லின் மடியில் வைத்த பைலின் முனையை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, பூங்காவனத்தம்மாள் ஆளுயரப் படத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேர்க்கைப் பிரிவுப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு வந்து சுற்றிக் காட்டினாள். லைப்ரரி, ஹாஸ்டல், கேன்டீன், ஜிம்கூட இருந்தது. நோயாளிகளைப் பார்க்கிற ஹாலுக்கு வந்தார்கள். வரிசையாகப் பல் டாக்டர் நாற்காலிகள். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் கிடந்தன. மிச்சத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் தாங்களே ஏறிச் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேஷண்டுங்க வருவாங்களா மேடம்?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"கூட்டம் தாங்காதும்மா. இது லஞ்ச் டைம் இல்லையா, அதான்."

மணி பதினொன்றரை. அந்தப் பெண்ணும் சம்பளத்துக்குத்தானே பேசுகிறாள் என்று ஆரோக்கியராஜ் விட்டுவிட்டார்.

"பிராக்டிகல் எல்லாம் கஷ்டமா இருக்குமா மேடம்? யார் சொல்லிக் குடுப்பாங்க?"

"அதெல்லாம் சீனியர்ஸ் பாத்துப்பாங்கம்மா. எங்க காலேஜில பிராக்டிகல்ல யாரும் பெயிலானதே இல்ல. நூத்துக்கு நூறு."

ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நூற்றில் எத்தனை தன் மேஜையிலிருந்து போனது என்று அவருக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து நாற்காலியிலிருந்து ஒருவன் எழுந்து ஓடி வந்தான். கடைசி வருஷம் படிக்கிற வல்லரசு. போன மாசம்தான் இரண்டு அச்சு கொண்டுவந்து கொடுத்திருந்தான். "அண்ணே! நீங்களே வந்துட்டீங்களா? என் ரெண்டாவது செட்டு..." என்று ஆரம்பித்தவன், பக்கத்தில் ரோஸ்லினையும் அந்தப் பெண்ணையும் பார்த்துவிட்டு அப்படியே வாயை மூடிக்கொண்டான். "சும்மா, நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று அசடு வழிந்துவிட்டு நழுவினான்.

"யாருப்பா அது?"

"கடைக்கு வர்ற புள்ளம்மா."

ரோஸ்லினை ஹாஸ்டல் அறையைக் காட்ட அந்தப் பெண் கூட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் போகக் கூடாது என்பதால் ஆரோக்கியராஜ் ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சின் மறு கோடியில் அறுபது வயசிருக்கும் ஒருவர், வேட்டி மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். டப்பாவில் மேலும் கீழுமாக ஒரு முழு பல் செட்.

இடது முன் பல் லேசாகத் திரும்பியிருந்தது. கடைவாயில் ஒரு பல் உயரம்.

ஆரோக்கியராஜ் டப்பா பக்கம் குனிந்தார். தன் கை வேலை தனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தார். நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாங்க ஐயா, பல்ல கையில வெச்சிக்கினு உக்காந்திருக்கீங்க?"

"வாயில வெச்சா ரத்தம் வருது சார், அதான் கையில" என்று அவர் பொக்கை வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு சிரித்தார். பெயர் விருத்தாசலமாம், பெருமுக்கல்லில் இரண்டு ஏக்கர் சொந்த நிலம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கிறாராம். "வீடு முச்சூடும் மல்லாட்ட கெடக்குது. ஒரு கொட்ட மெல்ல முடியல. மூணு வேளையும் கேப்பைக் கூழுதான். கல்யாணம் காட்சின்னா போறதே இல்ல, பந்தியில உக்காந்து எல்லாரும் வாயையே பாக்குறாங்க."

"எத்தினி நாளா இப்படி?"

"பொங்கலுக்கு முன்ன குடுத்தாங்க. ஒம்போது மாசம் ஆவுது."

"இங்க வந்து சொன்னீங்களா?"

"புதங்கெழமக்கிப் புதங்கெழம வர்றேனே. செஞ்ச பொண்ணு இருந்தா சரி பண்ணிக் குடுத்துடும் சார். கலைப்பிரியா டாக்டருன்னு, தங்கமான பொண்ணு. அது பாஸ் பண்ணிட்டுப் போயிடுச்சாம். மத்த புள்ளைங்கள கேட்டா, இது எங்க கோட்டா இல்ல, புதுசா அளவு குடுக்கறதுன்னா குடுங்க, எங்க கணக்குல ஒண்ணு ஆவும்ன்றாங்க. செஞ்சத எதுக்கு வீணாக்கணும்னு நானும் பாக்குறேன்."

ஆரோக்கியராஜ் வாயைத் திறந்து காட்டச் சொன்னார். கீழ் ஈறில் உள்பக்கம் நீளமாக ஒரு புண். பழைய புண்ணின் மேலேயே புதுப் புண். அச்சு மாவிலேயே அந்த இடம் சரியாக விழாமல் மொழுக்கென்று இருந்தது அவருக்கு நினைவு வந்தது. அளவு தப்பு என்று அப்போதே தெரியும். டாக்டர் அனுப்பியிருந்தால் வேறு அளவு கேட்டுத் திருப்பியிருப்பார். பரீட்சைக்குத்தானே என்று கத்தியால் சுரண்டிச் சமாளித்து, அதன் மேல் பல்லை அடுக்கி, அதையும் கோணலாக்கிக் கொடுத்தார். இந்த ஆள் ஒம்பது மாசமாக அதைப் போட்டு மெல்லப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயா, எனக்கு விழுப்புரத்துல பல் லேப் இருக்குது. நீங்க வாங்க. செலவு எதுவும் வேணாம், பஸ்ஸுக்குகூட நான் தர்றேன். எனக்குத் தெரிஞ்ச டாக்டருகிட்ட புது அளவு எடுத்து, புதுசா நானே செஞ்சித் தர்றேன்."

விருத்தாசலம் டப்பாவை மூடிக்கொண்டார். முகத்தில் சந்தேகம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. "வேணாம் சார், இன்னாத்துக்கு உங்களுக்குப் பேஜாரு. அந்தப் பொண்ணு ராப்பகலா கண்ணு முழிச்சி தன் கையால செஞ்சேன்னு சொல்லிச்சி. எங்கனா பாத்தா கேக்கும். வேற ஆளுகிட்ட போயிட்டேன்னு தெரிஞ்சா வருத்தப்படும். அது வரட்டும்."

'அந்தப் பெண் வராது, இந்தப் பல்லைச் செய்தது நான்' என்று சொல்லியிருக்க வேண்டும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்று நீங்களும் நானும் சுலபமாகச் சொல்லலாம். ஆரோக்கியராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரை எழுதி வலுக்கட்டாயமாக அவர் பையில் வைத்தார். அதற்குள் ரோஸ்லின் வந்துவிட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், "எப்படிப்பா, பிடிச்சிதா?" என்று அவள் கேட்டாள். "பாக்கலாம்மா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் மகள் அந்த நாற்காலியில் சாய்ந்து போன் பார்ப்பதும், ஒரு நாள் கேரி பேக்கைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒருவனுடைய லேப் மாடி ஏறுவதும், அப்புறம் விழுப்புரத்தில் ஒரு போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து விருத்தாசலத்தைப் போல நூறு பேர் வாயைப் புண்ணாக்குவதும் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தது. கூடாது, சேர்க்கவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். காரணத்தைத்தான் எப்படிச் சொல்லுவது?

அன்றைக்கெல்லாம் சாக்குச் சொல்லிப் பார்த்தார். தண்ணி சரியில்லை என்றார். பொட்டல் காடு, பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்றார். பேஷண்டே இல்லை என்றார்.

அற்புதமேரி விடுவாளா? "தண்ணி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். இருநூறு பொண்ணுங்க அங்கதான் தங்கிப் படிக்குது. பேஷண்டு இல்லாமலா வருஷத்துக்கு நூறு டாக்டர வெளிய அனுப்புறான்? நீங்க நெனைக்கறது இன்னான்னு ஒடச்சிச் சொல்லுங்க. பொண்ணு உங்க வாயைத்தான் பாத்துக்கினு இருக்குது. இந்த வருஷமும் போச்சின்னா அது நம்ம கையில நிக்காது" என்றாள். கடைசி வார்த்தை சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆரோக்கியராஜ் லேபைச் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். விருத்தாசலத்திடமிருந்து போன் வரவில்லை. மனைவியையும் மகளையும் உட்கார வைத்தார். சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே ஆரம்பித்தார். அழுதுகொண்டு வந்த முதல் பெண், வருஷா வருஷம் ஏறி வருகிற கேரி பேக்குகள், கலைப்பிரியா, கோணலாக வைத்த பல், பெருமுக்கல் ஆளின் ஈறில் பார்த்த புண், எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவருக்கே கேட்கப் பிடிக்கவில்லை. நடுவில் இரண்டு தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"அதான்மா அந்தக் காலேஜி வேணாம்ன்றேன். அங்க யாரும் எதுவும் கத்துக்கறதில்ல. கத்துக்கினாங்கன்னு காட்டறதுக்கு செஞ்சிக் குடுத்தவன் நான்தான். அடுத்த சுத்து வரிக்கும் பாக்கலாம். வரலன்னா வேற எதுனா படி. ஆனா இது வேணாம்மா."

சொல்லி முடித்துவிட்டு மகள் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தார். காறித் துப்பினாலும் துப்பட்டும், அப்படியாவது அவள் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

"எத்தினி பேருக்குப்பா செஞ்சிக் குடுத்திருப்ப?" ரோஸ்லின் குரல் மெல்ல வந்தது.

"எண்ணலம்மா. எரநூறு, முந்நூறு இருக்கும்."

"ஒருத்தர்கூட மாட்டலயா?"

"இல்ல."

"எல்லாரும் பாஸா?"

"எல்லாரும் பாஸ்தான்."

ரோஸ்லின் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆரோக்கியராஜ் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். "அழுவாதம்மா. அப்பா பண்ணது தப்புதான்."

"அதுக்கு இல்லப்பா" என்று அவள் நிமிர்ந்தாள். கன்னமெல்லாம் ஈரம், ஆனால் ஒரு மாசமாக இல்லாத தெளிவு அந்த முகத்தில் வந்திருந்தது. "ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. என் கை நடுங்கும்ப்பா. பிளஸ் டூ பிராக்டிகல்லயே டெஸ்ட் டியூப்ப ஒடச்சேன், உனக்குத் தெரியாது. நூலு கோக்கவே வராது எனக்கு. பல்லெல்லாம் கையாலயே செய்யணும்ன்றாங்களே, பெயிலாயி பெயிலாயி அங்கயே கெடப்பேனோன்னு பயந்துக்கினே இருந்தேன். அதுக்குத்தான் சேரட்டுமான்னு உன்ன கேட்டுக்கினே இருந்தேன். இத முன்னாடியே சொல்லி இருக்கக் கூடாதாப்பா? நான் சேர்றேன்."

ஆரோக்கியராஜுக்குத் தான் கேட்டது சரிதானா என்றே புரியவில்லை. "நான் செஞ்சித் தரமாட்டேன். யாருக்கும் இனிமே தரமாட்டேன், உனக்கும் தரமாட்டேன்."

"ஊரான் புள்ளைங்களுக்குப் பத்து வருஷமா செஞ்சீங்க" என்றாள் அற்புதமேரி. சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "பெத்த பொண்ணுக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சி இந்த ஞாயம்?"

"அந்தாளு வாயப் பாத்திருந்தா நீ இப்படிக் கேக்கமாட்ட மேரி."

"அந்தாளுக்குப் புதுசா செஞ்சிக் குடுத்துடுங்க. அதோட சரியாப்பூடும்."

ரோஸ்லின் அம்மாவின் கையைப் பிடித்து அடக்கினாள். அப்பாவின் மேல் அவளுக்கு வருத்தமே இல்லை. "உடும்மா. அப்பா மனசு கஷ்டப்பட வேணாம்" என்று பரிவாகத்தான் சொன்னாள். "அப்பா தரலன்னா இன்னா, வேற லேபே இல்லையா? நான் அங்க குடுத்துப்பேன்."

ஆரோக்கியராஜ் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். திட்டலாம், எதை வைத்துத் திட்டுவது? சத்தம் போட்டுப் பார்க்கலாம். நீ யார் கேட்க என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் என்ன பதில் வைத்திருக்கிறார்? மகள் அன்றைக்கு இரண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அற்புதமேரி மாதா படத்துக்கு ஒரு மெழுகுத்திரி ஏற்றி வைத்தாள். கோலியனூருக்குப் போன் போய்விட்டது. எதிர் வீட்டு டீச்சருக்கும் சொல்லியாயிற்று. படுத்த ஆரோக்கியராஜுக்குப் பொழுது விடிகிறவரைக்கும் இமை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் காலேஜில் இருந்தார்கள். போகமாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. தகப்பன் கையெழுத்து இல்லாமல் சேர்க்கமாட்டார்களாம். அன்றைக்குப் புதன்கிழமை இல்லை, பெஞ்சு காலியாக இருந்தது. வல்லரசு தூரத்திலேயே பார்த்துவிட்டு வேறு பக்கம் நடந்தான். ஆபீஸ் ரூமில் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர் சர்ட்டிபிகேட்டை எல்லாம் சரிபார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்துகொண்டு வந்தார். பெயர், பிறந்த தேதி, ஊர், ரத்த வகை.

"அப்பா பேரு?"

"ஆரோக்கியராஜ்" என்றார் இவர்.

"இன்னா வேல செய்றீங்க?"

ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் ரோஸ்லின் மேஜையில் கை ஊன்றி முன்னால் குனிந்தாள்.

"விவசாயம் சார்" என்றாள்.

சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சும்மா இருப்பா, பல்லு வேலைன்னா நாளைக்கு சந்தேகம் வரும் என்பதுபோல் கண்ணால் லேசாக ஜாடை செய்தாள். குரலில் தடுமாற்றம் இல்லை, மேஜை மேல் இருந்த கையிலும் நடுக்கம் இல்லை. கிளார்க் அப்படியே பதிந்துகொண்டு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு காணி நிலம்கூட இல்லாத ஆரோக்கியராஜ், அதன் அடியில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.